க்ளப் டி நுயி இன்டென்ஸ் மேன்: அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்து வாங்க வேண்டிய வாசனை

கடையில் காகிதப் பட்டையில் ஒரு தடவை அடித்து, உடனே முகர்ந்து, முகத்தைச் சுளித்து, "இது நமக்கு ஆகாது" என்று கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்த செண்டுக்கு நிறையப் பேர் உண்டு. அவர்கள் முகர்ந்தது இதன் மிகப் பலவீனமான கால் மணி நேரத்தை. ஆர்மாஃபின் க்ளப் டி நுயி இன்டென்ஸ் மேன் இடிடி (ஓ டி டாய்லெட், செறிவு குறைந்த வகை செண்டு) உங்களுக்குப் பொருந்துமா என்பது அடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதுவும் காகிதத்தில் இல்லை, தோலில்.

ஆர்மாஃப் என்பது துபாயின் ஸ்டெர்லிங் பெர்ஃப்யூம்ஸ் நிறுவனத்தின் பிராண்ட். இந்த வாசனை வந்தது 2015-ல். இதற்கு முன்மாதிரி 2010-ல் வந்த, க்ரீட் நிறுவனத்தின் விலை உயர்ந்த செண்டான அவென்டஸ் என்பது முகர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே, அதாவது முதலில் எழுவது, எலுமிச்சை, பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழம், அன்னாசி, பிளாக்கரண்ட், ஆப்பிள். நடுவில் பிர்ச் மரப் புகை, கொஞ்சம் மல்லிகை, ரோஜா. அடியில், கடைசிவரை நிற்பது, கஸ்தூரி, அம்பர்கிரிஸ், பச்சோலி என்ற வாசனைச் செடி, வெனிலா. புத்துணர்ச்சி, பழம், மரம் மூன்றும் ஒரே பாட்டிலில் வேண்டும் என்பவர்கள் தேடும் வகை இது. அவென்டஸின் விலை இதைப் போலப் பல மடங்கு. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் இந்தக் கறுப்பு பாட்டில் அடிக்கடி இருப்பதற்குக் காரணம் அந்த வித்தியாசம்தான்.

முதல் பதினைந்து நிமிடம் எலுமிச்சையின் ஆட்சி. சாற்றின் புளிப்பு இல்லை இது. எலுமிச்சைத் தோலை மூக்கருகே கசக்கினால் தெறிக்கும் எண்ணெயின் காரம். கூடவே ஆல்கஹாலின் நெடியும் சேர்ந்துகொள்வதால் மூக்கில் குத்துகிறது. எலுமிச்சையிலும் பெர்கமாட்டிலும் இருக்கும் லிமோனீன் போன்ற மூலக்கூறுகள் மிக லேசானவை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஆவியாகிறவை. அதனால் எந்த செண்டிலும் சிட்ரஸ்தான் முதலில் பேசும், முதலில் போகும். விலை உயர்ந்த செண்டுகளில் இந்தத் தொடக்கத்தைப் பழச்சாறு போல உருட்டி எடுத்திருப்பார்கள். இதில் அந்த நயம் இல்லை. குறை என்றால் இதுதான் பெரிய குறை, மறைக்க ஒன்றுமில்லை. அடித்ததும் மூக்கை மணிக்கட்டில் வைக்காதீர்கள். வெளியே கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால் அடித்துவிட்டு, சட்டை போட்டு, தலை வாரி, சாவியைத் தேடி எடுப்பதற்குள் இந்தக் கட்டம் கடந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு இதைத் தரவேண்டிய அவசியமே இல்லை.

எலுமிச்சை இறங்கும்போது அன்னாசி மேலே வருகிறது. அன்னாசியிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவும் எண்ணெயைக் காய்ச்சி வடிக்க முடியாது. அதனால் எந்த செண்டில் அன்னாசி மணத்தாலும் அது பெரும்பாலும் ஆய்வகத்தில் கட்டியது. பழத்திலேயே இயற்கையாக இருக்கும் அல்லைல் ஹெக்ஸனோயேட் போன்ற எஸ்டர்கள் (பழ மணம் தரும் வேதிப்பொருள்கள்) இந்த வேலைக்குப் பயன்படும். அளவு கூடினால் மிட்டாய் ஆகிவிடும் சாமான் இது. இங்கே அந்தத் தப்பு நடக்கவில்லை. இனிப்பைக் குறைத்து, பிளாக்கரண்டின் பச்சைப் புளிப்பையும் ஆப்பிளின் மொறுமொறுப்பையும் சேர்த்து, பழத்தைக் கொஞ்சம் காயாகவே நிறுத்தியிருக்கிறார்கள். ஐஸ்கிரீமில் வரும் பிளாக்கரண்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஒரு மணி நேரம் ஆகும்போதுதான் இந்த வாசனை தன் முகத்தைக் காட்டுகிறது. பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் கறுத்த தார் இறங்கும். பழைய ரஷ்யத் தோல் பதனிடுதலில் பயன்பட்டது அதுதான்; அதனால்தான் பிர்ச் என்றாலே புகையும் பதப்படுத்திய தோலும் சேர்ந்தே மணக்கும். க்ளப் டி நுயியில் இந்தப் புகை பழத்தை மூடுவதில்லை, பழத்தின் மேல் ஏறுகிறது. அன்னாசித் துண்டைக் கரி அடுப்பில் வாட்டினால் ஓரம் கருகும்போது வருமே, அந்த இனிப்பும் கரியும் கலந்த மணம். அதோடு உலர்ந்த மரம், மண்வாடை கொஞ்சம் உள்ள பச்சோலி. ரோஜாவும் மல்லிகையும் தனியாகத் தெரியாது. புகையின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும் அளவுக்கு மட்டும் இருக்கின்றன. அடித்த இரண்டாவது மணியிலிருந்து நாலாவது மணி வரை இதுதான். காசு கொடுத்தது இந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. இந்தக் கட்டத்தில் இரண்டடி தள்ளி நிற்பவர் அவென்டஸையும் இதையும் பிரித்துச் சொல்வது கடினம். அருகில் வந்தால் தெரியும்: அவென்டஸில் பழம் சாறோடு இருக்கும், புகை மெல்லிசாக இருக்கும், இதில் பழம் உலர்ந்தது, புகை கனம். என்னைக் கேட்டால் இந்தக் கனமான புகைதான் எனக்குப் பிடிக்கும். நகல் என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் நிற்கக்கூடிய வாசனை இது.

அதற்குப் பிறகு கஸ்தூரி, அம்பர்கிரிஸ், ஒரு துளி வெனிலா. சுத்தமான, லேசாக உப்புத் தட்டுகிற, தோலோடு ஒட்டிய மணம். அம்பர்கிரிஸ் என்றதும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிடிபட்டதாக அடிக்கடி செய்தியில் வரும் திமிங்கல எச்சம் நினைவுக்கு வரும். அதை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். செண்டு அட்டையில் இந்தப் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த விலையில் உள்ள வாசனைகளில் அந்த மணம் அம்ப்ராக்சான் வகைச் செயற்கைப் பொருளிலிருந்து வருவது. கிளாரி சேஜ் செடியிலிருந்து எடுக்கும் ஸ்கிளாரியோலைக் கொண்டு அதைச் செய்கிறார்கள்.

எவ்வளவு நேரம் நிற்கும்? தோலில் எட்டு மணி நேரம் எதிர்பார்க்கலாம், பருத்திச் சட்டையில் மறுநாளும் இருக்கும். முதல் இரண்டு மணி நேரம் கை நீட்டும் தூரத்துக்கு வீசும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்போடு அடங்கும். இடிடி என்று போட்டிருக்கிறதே, சீக்கிரம் போய்விடுமோ என்ற சந்தேகம் வேண்டாம். அந்த எழுத்துகள் செறிவைச் சொல்பவை. எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை எந்த மூலப்பொருள் உள்ளே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். பிர்ச்சும் அம்ப்ராக்சானும் கஸ்தூரியும் இடிடியிலும் நின்று பிடிப்பவை.

வாங்கி இரண்டு வாரத்தில் "வாசனையே வரவில்லை, டூப்ளிகேட் போல" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நடந்திருப்பது வேறு. ஒரே வாசனையை விடாமல் முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். கஸ்தூரியும் அம்ப்ராக்சானும் இதில் மிக மோசம். சிலருடைய மூக்குக்குச் சில கஸ்தூரிகள் பிறவியிலேயே தெரியாது. உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஆறு, ஏழு என்று அடித்தால் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்தான் அவதிப்படுவார். வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். அல்லது போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து முகருங்கள். சட்டையில் வாசம் இருந்தால் பாட்டிலில் குறை இல்லை.

அளவு விஷயத்தில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இந்த ஸ்பிரே ஒரு அழுத்தத்துக்குத் தாராளமாகவே விடும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் எலுமிச்சை பத்து நிமிடம்கூடத் தாங்காது, புகை சீக்கிரமே பெரிதாக எழும். அந்த நாட்களில் இரண்டு தடவை போதும்: நெஞ்சில் சட்டைக்குள் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் மாலை நேரக் கல்யாண வரவேற்புக்கு நாலு வரை போகலாம். ஏசி அலுவலகத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். சின்னக் காருக்குள், மருத்துவமனையில், தேர்வு அறையில் இதைத் தவிர்ப்பதே மரியாதை. புகை வாசனை தலைவலிக்காரர்களுக்கு உடனே ஏறும். அக்குளில் அடிக்கவே கூடாது, வியர்வையோடு சேர்ந்தால் பிர்ச் கெட்ட வாடையாகத் திரும்பும்.

வறண்ட தோலில் எந்த செண்டும் நிற்காது. குளித்துவிட்டு ஈரத்தை ஒற்றியதும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவி, அதன் மேல் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு இதை அடிக்காதீர்கள். எண்ணெய்க்கு அதன் சொந்த மணம் உண்டு, அது அன்னாசியோடு சேர்ந்து பலகார வாசனையாக்கிவிடும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று பின்கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணியில் அடிப்பதானால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து அடியுங்கள். பட்டுச் சட்டையிலும் வெள்ளை வேட்டியிலும் வேண்டாம், கறை வந்தால் போகாது.

புது பாட்டிலை அலமாரியில் மூன்று மாதம் இருட்டில் வைத்தால் "பழுத்துவிடும்" என்று ஒரு நம்பிக்கை இந்த செண்டைச் சுற்றி ஓடுகிறது. கொஞ்சம் உண்மை உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்த உள்ளே காற்று சேரும், சிட்ரஸ் மூலக்கூறுகள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும், தொடக்கத்தின் காரம் சற்று அடங்கும். ஆனால் அதற்காகக் காசு கொடுத்த பொருளைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. முதல் நாள் ஐந்தாறு தடவை காற்றில் அடித்துக் குழாயில் இருப்பதை வெளியேற்றிவிட்டு, அன்றிலிருந்தே பயன்படுத்துங்கள். சீக்கிரம் பழுக்க வைக்கிறேன் என்று ஸ்பிரேயை நெம்பிக் கழற்ற முயன்றால் கழுத்து உடையும். அது திருகு மூடி இல்லை, உலோக வளையத்தால் நெருக்கிப் பிடித்தது. வெயில் படும் ஜன்னலோரம், குளியலறை, காரின் டேஷ்போர்டு மூன்றும் ஆகாது. அட்டைப் பெட்டியிலேயே போட்டு பீரோவில் வைத்தால் பல வருடம் கெடாது.

வாங்கும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். இன்டென்ஸ் இல்லாத க்ளப் டி நுயி மேன் வேறு வாசனை. சில்லாஜ், அர்பன் மேன், ஐகானிக், மைல்ஸ்டோன் எல்லாம் அதே குடும்பப் பெயரில் வரும் வேறு வேறு வாசனைகள். இதே பெயரில் டியோடரன்ட் ஸ்பிரேயும் இருக்கிறது; ஆன்லைனில் விலை மலிவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு அழுத்தினால் அதுதான் வீட்டுக்கு வரும். இடிபியும் (ஓ டி பெர்ஃப்யூம், செறிவு கூடிய வகை) தனியாக உண்டு. அதில் எலுமிச்சை மென்மையாக இருக்கும், பழம் கொஞ்சம் முழுசாக இருக்கும், ஆனால் இடிடி வீசும் அளவுக்கு வீசாது. தொடக்கத்தைப் பொறுக்கவே முடியாதவர்கள் இடிபி பக்கம் போகலாம். வெளியிடத்திலும் கூட்டத்திலும் தெரிய வேண்டும் என்றால் இடிடிதான்.

போலிகளும் புழங்குகின்றன. பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் பாட்டிலின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரே மெல்லிய பனியாக விழ வேண்டும், தாரையாகப் பீய்ச்சக் கூடாது. போலியில் எலுமிச்சையும் இனிப்பும் இருக்கும், இரண்டாவது மணியில் வர வேண்டிய புகை இருக்காது. அரை மணி நேரத்தில் மணமே மிச்சமில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு பில் வேண்டும்.

புகையே பிடிக்காது, ஆனால் பழமும் மரமும் வேண்டும் என்றால் 1998-ல் வந்த, ஹ்யூகோ பாஸின் 'பாஸ் பாட்டில்ட்' செண்டைப் பாருங்கள். ஆப்பிள், இலவங்கப்பட்டை, சந்தனம் என்று கனிவான வாசனை, அலுவலகத்துக்கு இதைவிடப் பாதுகாப்பானது. பழத்தைக் குறைத்து மரத்தையும் பச்சோலியையும் கூட்ட வேண்டுமென்றால் 2019-ன் மோன்ப்ளாங்க் எக்ஸ்ப்ளோரர். இரண்டுக்கும் தொடக்கம் இதைவிட இதம். க்ளப் டி நுயியின் நடுப்பகுதியில் இருக்கும் கரிந்த அன்னாசி மட்டும் இரண்டிலும் கிடைக்காது.

பாட்டில் 105 மில்லி என்பதை வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். பல விமான நிலையங்களில் சர்வதேசப் பயணத்துக்குக் கைப்பையில் திரவம் 100 மில்லிக் குப்பி வரைதான். உள்ளே பாதிதான் இருக்கிறது என்று சொன்னாலும் செல்லாது, குப்பியின் அளவைத்தான் பார்ப்பார்கள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகு ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கி முத்திரையிட்ட பையில் கொடுத்தால் அதைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். மற்றபடி செக்-இன் பெட்டியில் மூடியை டேப் ஒட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். அங்கே ஒரு குப்பி 500 மில்லிக்குள், ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டருக்குள் இருந்தால் தடை இல்லை.