காய்ச்சாத சோப்பு: நான்கு வருட அனுபவம்

காஸ்டிக் சோடாக் கரைசலை எண்ணெயில் கலந்து, அடுப்பில் ஏற்றாமல் அப்படியே அச்சில் ஊற்றுவதுதான் கோல்டு பிராசஸ். நான்கு வருடமாக வீட்டு உபயோகத்துக்கு இந்தச் சோப்புதான். வெறும் வெள்ளைச் சோப்பு இரண்டு மூன்று முறையிலேயே கைக்கு வந்துவிட்டது. நிறங்கள் வளைந்து வளைந்து ஓடும் வண்ணச் சுழியும் வாசனையும் ஒரே சோப்பில் வேண்டும் என்று ஆசைப்பட்ட பிறகுதான் படாத பாடு பட்டேன்.

முதல் ஒரு வருடம் நிறத்தைத்தான் முதலில் யோசிப்பேன், வாசனையைக் கடைசியில் கைக்கு அகப்பட்டதை ஊற்றுவேன். அது தலைகீழ். சுழி போட எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை வாசனை எண்ணெய்தான் முடிவு செய்கிறது. ஒரு முறை மூன்று நிறம் பிரித்து வைத்துவிட்டு கிராம்பு எண்ணெயை ஊற்றினேன். அதிலுள்ள யூஜெனால் கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும் என்பது அப்போது தெரியாது. கரண்டியை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஈரச் சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டது. பாத்திரம் வேறு சூடேறத் தொடங்கியது. கையுறையோடு அள்ளி அச்சில் அமுக்கினேன். சுழியாவது ஒன்றாவது!

வெனிலா வேறு விதம். ஊற்றும்போது சாதுவாக இருக்கும், அப்புறம் அதிலுள்ள வெனிலின் மெல்ல வேலையைக் காட்டும். வெள்ளையும் நீலமுமாகப் போட்ட சோப்பு இரண்டு வாரத்தில் முழுக்க மரப்பட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. இப்போது அதையே பயன்படுத்திக்கொள்கிறேன்: ஒரு பாதியில் மட்டும் வெனிலா, மறுபாதியில் வாசனையே கிடையாது. பழுப்புச் சுழி தானாக விழும். ஆனால் சில மாதத்தில் பழுப்பு பக்கத்துப் பாதிக்கும் கசியும், ஓரம் மங்கும். கூர்மையான கோடு வேண்டுமென்றால் வெனிலா பக்கமே போகாதீர்கள்.

ஆரஞ்சு எண்ணெய் வாசனை, சோப்பு காய்ந்து கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் பறந்துவிடும். லாவெண்டர் அடங்கி நடக்கும், சுழி பழக ஏற்றது. (காய்ந்த லாவெண்டர் பூவை மட்டும் சோப்புக்குள் போட வேண்டாம். பழுப்பாகிப் போய் எலிப் புழுக்கை மாதிரி தெரியும்.) பச்சோலி என்ற வாசனை எண்ணெய் போட்ட துண்டு ஒன்று வருடம் தாண்டியும் மணக்கிறது. எதுவானாலும் எண்ணெய் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் நான் போவதில்லை. கிராம்பு போன்ற காரமான எண்ணெய்களுக்கு அதிலும் மிகக் குறைவுதான்.

பலவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து நான் நின்ற அளவு இது: ஆலிவ் எண்ணெய் 600 கிராம், தேங்காய் எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 141 கிராம், தண்ணீர் 282. எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாக மாறாமல் மிஞ்சும்படி போட்ட கணக்கு. எண்ணெயை மாற்றினால் சோடாக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெயைப் பாதிக்குப் பாதி போட்டேன். நுரை அமர்க்களம், குளித்த பிறகு தோல் வறவறவென்று இழுத்தது. சூரியகாந்தி எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்த தொகுதியில் சில மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தன. தண்ணீரைக் கூட்டினால் சுழி போட நேரம் கிடைக்கும் என்று அதையும் செய்து பார்த்தேன். நேரம் கிடைத்தது, கூடவே மேலே சாம்பல் மாதிரி வெள்ளைப் படிவும் உள்ளே கண்ணாடி மாதிரி தெளிந்த கோடுகளும் கிடைத்தன.

சுழியில் எனக்குப் பிடித்தது கம்பிச் சுழி. கலவை லேசாகத் திரளும்போதே, அதாவது மேலே சொட்டினால் கோடு ஒரு கணம் நின்று மறையும் பதத்திலேயே, ஹேண்ட் பிளெண்டரை நிறுத்திவிட வேண்டும். மீதிக்குக் கரண்டி போதும். நிறங்களை மாற்றி மாற்றி ஊற்றி, அச்சின் நீளத்துக்கு வளைத்த கம்பியைப் பக்கவாட்டில் இறக்கி, அடியைத் தொட்டு, கொஞ்சம் நகர்த்தி மேலே தூக்க வேண்டும். நான்கைந்து முறை போதும். ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று கை துறுதுறுக்கும். அந்தச் சுற்றில்தான் ஆரஞ்சும் நீலமும் கலந்து சேறாகும். மறுநாள் கத்தி இறங்கி முதல் துண்டு சரியும்போது, உள்ளே இறகு மாதிரி விரிந்திருக்கும் கோட்டைப் பார்க்க இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். மஞ்சள் தூள் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கரித்தூளும் மைக்கா என்ற மினுக்கும் நிறப்பொடியும் எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை.

சாமான்களில் சிலிகான் அச்சு இன்னும் கிழியவில்லை. ஆனால் பக்கங்கள் பிதுங்குவதால் மரப்பெட்டிக்குள் வைத்துத்தான் ஊற்றுகிறேன். முதல் பிளெண்டரின் தண்டு அலுமினியம். காஸ்டிக் அதை அரித்துக் கறுப்பாக்கிவிட்டது, அடுத்தது துருப்பிடிக்காத எஃகு. தராசில் பேட்டரி இறங்கியது தெரியாமல் சோடாவை எடை போட, அளவு கூடிப்போய் தொகுதி ஒன்று பொடிப்பொடியாக உதிர்ந்தது, நுனிநாக்கில் வைத்ததும் சுரீரென்றது. மொத்தமும் குப்பைக்குப் போனது. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கொதிக்கக் கொதிக்கச் சூடேறும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இன்றுவரை தொட்டதில்லை.

வெட்டிய துண்டுகளை ஆறு வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைக்கிறேன். 120 கிராம் துண்டு அதற்குள் 106 கிராமுக்கு வந்துவிடுகிறது. நான்காவது வாரமே எடுத்தால் சோப்புப் பெட்டியில் கொழகொழக்கிறது.

அந்தக் கிராம்புச் சோப்பையும் வீசவில்லை. பார்க்கச் செங்கல் துண்டு மாதிரி இருந்தது, தேய்த்தால் நன்றாக நுரைத்தது. வண்டி துடைத்த கையைக் கழுவ அதைத்தான் தேடுகிறார்கள் வீட்டில். இன்னும் இரண்டு துண்டு பாக்கி இருக்கிறது.