பள்ளிக்கு நிலம் பார்ப்பவர்கள் கவனத்துக்கு: மண் அறிக்கையில் எண்ணைப் பார்க்கும் முன் துளையைப் பாருங்கள்

இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கருக்குச் சற்றே குறைவு. நாலு பக்கமும் நேர்கோடு, மேடு பள்ளம் இல்லை, புதர் இல்லை, முன்னால் தார் ரோடு. அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவு. போதாததற்கு, பைண்டிங் போட்ட மண் பரிசோதனை அறிக்கையை விற்பவரே இலவசமாகக் கையில் கொடுத்தார். புதிய அரசுப் பள்ளிக்கு இடம் தேடிய ஒரு கட்டடக் குழு இப்படித்தான் மாட்டிக்கொண்டது. அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி இறங்கிய முதல் நாளே ஒன்றேகால் மீட்டரில் பிளாஸ்டிக் பையும் செங்கல் துண்டும் வந்தன. மூன்று மீட்டரில் நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. மனையில் மூன்றில் இரண்டு பங்கு, தூர்த்து மூடிய பழைய குட்டை.

இதில் கொடுமை, அந்த அறிக்கையில் பொய்யான எண் ஒன்றுகூடக் கிடையாது. போலி அறிக்கை என்றால் எங்காவது பிடிபட்டுவிடும். நிஜமான எண்களை வைத்தே ஏமாற்றுவதுதான் கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கும்.

நடந்தது இதுதான். மண்ணைச் சோதிக்க மூன்று துளை போட்டிருந்தார்கள். மூன்றும் ரோட்டை ஒட்டிய ஒரே மூலையில், ஒன்றுக்கொன்று சில மீட்டர் தள்ளி. அந்த மூலை மட்டும்தான் இயற்கையான தரை. துளைக்குள் மண்ணின் உறுதியை அளக்கும் எஸ்பிடி சோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 450 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். முதல் 150 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு, மீதி 300க்கான அடிகளின் கூட்டுத்தொகைதான் ‘என்’ மதிப்பு; அது கூடினால் மண் உறுதி. அந்த மூலையில் முப்பதுக்கு மேல் வந்தது, மூன்று மீட்டரில் சிதைந்த பாறை தட்டியது. எல்லாம் சரி. ஆனால் வகுப்பறைக் கட்டடம் வரவேண்டிய இடத்தில் ஒரு துளைகூட இல்லை. துளைகள் எங்கே என்று காட்டும் வரைபடமும் இல்லை. உள்பக்கம் ஒன்றில் ‘மனையின் வடகிழக்குப் பகுதியில்’ என்று ஒரே ஒரு வரி. யாரும் அதைப் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த ‘தாங்குதிறன் போதுமானது’ என்பதைத்தான் எல்லோரும் படித்தார்கள்.

அடுத்தது இன்னும் நுட்பமான வேலை. மனையின் நடுவில் பிளேட் லோட் டெஸ்ட், அதாவது தகடு வைத்து மண்ணை அழுத்திப் பார்க்கும் சோதனை, செய்து போட்டோவும் போட்டிருந்தார்கள். 300 மில்லிமீட்டர் சதுரத் தகடு, மேலே மணல் மூட்டை, பக்கத்தில் ஜாக்கி, தகடு எவ்வளவு அமிழ்கிறது என்று காட்டும் டயல் கேஜ். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் தகட்டின் அழுத்தம் அதன் அகலத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் போகும். 300 மில்லிமீட்டர் தகடு என்றால் 600 மில்லிமீட்டர். குட்டையை மூடிய மண்ணின் மேல் ஒரு மீட்டரை மட்டும் ரோலர் விட்டு நன்றாக இறுக்கியிருந்தால், தகடு அந்த இறுகிய மண்ணை மட்டுமே சோதித்துவிட்டு ‘பாஸ்’ சொல்லும். பள்ளிக் கட்டடத்தின் இரண்டு மீட்டர் அகல ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரப் பலகை) நாலு மீட்டர் ஆழம்வரை சுமையை இறக்கும். அங்கே இருப்பது சேறு. மெத்தைமேல் பலகை போட்டு, பலகையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ‘கல் மாதிரி இருக்கிறது’ என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். தகட்டுச் சோதனை கெட்ட சோதனை அல்ல. ஆனால் கீழே வரைக்கும் ஒரே மண் என்று துளை போட்டு உறுதி செய்த பிறகுதான் அதற்கு மதிப்பு.

இனி என்ன வழி? அந்த மண்ணை எடுத்துவிட்டு நல்ல மண் போடலாம் என்றால், சுமார் 13,300 சதுர மீட்டர், மூன்று மீட்டர் ஆழம், கிட்டத்தட்ட 40,000 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 4,000 நடை வெளியே, இன்னொரு 4,000 நடை உள்ளே. தோண்டிய மண் உப்பும் என்பதால் நடை இன்னும் கூடும். பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போடலாம் என்றால், பைலைச் சுற்றியுள்ள கொட்டிய மண் அமிழ அமிழ பைலையும் கீழே இழுக்கும். அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் டிசைன் செய்ய வேண்டும். பாதிக் கட்டடம் பாறைமேலும் பாதி சேற்றின்மேலும் நின்றால் சுவரில் மூலைவிட்டமாக விரிசல் வரும், கதவு நிலையில் உட்காராது. புதைத்ததில் மக்கும் குப்பை இருந்தால் மீத்தேன் வேறு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும் வாயு அது. தரைக்கு அடியிலும் மூடிய அறைகளிலும் சேரும். குறைந்த விலைக்கு வாங்கியதில் மிச்சப்பட்டது முதல் பில்லிலேயே போய்விடும்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? மண் பரிசோதனைக்கான பணத்தை வாங்குபவர் கொடுக்க வேண்டும், ஆளையும் வாங்குபவரே பிடிக்க வேண்டும். விற்பவரின் அறிக்கையை ஒரு துணுக்குத் தகவலாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். துளை போடும் முன்பே கட்டடம் எங்கே வரும் என்று பென்சிலால் ஒரு தோராய வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நாலு மூலை, நடுவில் ஒன்று. தண்ணீர்த் தொட்டி வரும் இடத்தில் தனியாக ஒன்று. ஆழம் 10 மீட்டராவது வேண்டும். அதற்கு முன் பாறை வந்தால், அது உருண்டு கிடக்கும் ஒற்றைப் பாறாங்கல்லா, அடிப்பாறையா என்று இன்னும் மூன்று மீட்டர் துளைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் ஜிபிஎஸ் எண், தரைமட்டம், தேதி, தண்ணீர் தட்டிய ஆழம், 24 மணி நேரம் கழித்து நின்ற ஆழம் ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். சுத்தியல் விழும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணட்டும். சுத்தியல் முழு உயரத்துக்கு ஏறாமல் பாதியிலேயே விழுந்தால் அடி எண்ணிக்கை கூடும், மண் இருப்பதைவிட உறுதியாகத் தெரியும்.

துளையைவிட மலிவானது சோதனைக் குழி. ஜேசிபியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மனை முழுக்கப் பரவலாகப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மூன்று மீட்டர் தோண்டிப் பாருங்கள். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, பக்கச் சுவர் சரியும். மேலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு போட்டோ எடுத்தால் போதும். இயற்கை மண்ணில் நிறம் மெல்ல மெல்ல மாறும். கொட்டிய மண்ணில் கத்தியால் வெட்டியதுபோல் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே பழைய புல்வேர் கறுத்துக் கிடந்தால் அதுதான் ஒரு காலத்துத் தரை. செங்கல், ஓடு, சாம்பல், துணி, எண்ணெய் வாடை எதையும் ‘மேலாகக் கொட்டியது’ என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் குழுவுக்கு ஒரே ஒரு குழி போதுமாயிருந்திருக்கும்.

களிமண்ணாக இருந்தால் இன்னொரு சோதனை. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவுக் குழாயில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மில்லியில் நிற்கும் மண் தண்ணீரில் 16 மில்லிக்கு வந்தால் உப்புதல் 60 சதவீதம். 50ஐத் தாண்டினாலே ஆபத்தான மண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்ணில் கனமான மாடிக் கட்டடத்தைவிட லேசான ஒற்றைத்தளக் கட்டடம்தான் அதிகம் அடிபடும், அழுத்திப் பிடிக்க எடை இல்லை. பள்ளிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதானே.

மண்ணுக்கு முன்னால் செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. கூகுள் எர்த்தில் காலக்கோட்டை நகர்த்தி, கிடைக்கிற எல்லா ஆண்டுப் படங்களையும் பாருங்கள், மழைக்காலப் படங்களை முக்கியமாக. பழைய நில அளவை வரைபடத்தில் நீர்நிலையைக் காட்டும் நீலம் இருக்கிறதா பாருங்கள். அக்கம்பக்கத்தில் நெடுங்காலம் குடியிருப்பவர்களிடம் ‘இங்கே முன்னாடி என்ன இருந்தது’ என்று கேளுங்கள், தரகர் பக்கத்தில் இல்லாதபோது. பெரிய மழைக்கு மறுநாள் ஒருமுறை போய், மரத்தடியிலும் மதில் சுவரிலும் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான்’ என்று யாராவது சமாதானம் சொன்னால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்றால், 50 ஆண்டு நிற்கும் கட்டடம் ஒருமுறையாவது மூழ்க ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு.

தானமாகக் கிடைக்கும் நிலத்துக்கு இரட்டிப்பு எச்சரிக்கை. அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரப் பள்ளி வாரியத்துக்கு 1953இல் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் லவ் கெனால் என்ற இடத்தில் இருந்த தன் நிலத்தை ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. அடியில் 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவு. அது மறைக்கப்படவும் இல்லை. ரசாயனக் கழிவு புதைக்கப்பட்ட நிலம், இனி பொறுப்பு வாங்குபவருடையது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. கட்டும்போது பீப்பாய்கள் கிளம்பின. கட்டடத்தைச் சற்று நகர்த்தி வைத்துக் கட்டி முடித்தார்கள். 1978இல் பள்ளியை மூடினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பெல்மான்ட் பள்ளி வளாகத்தைப் பழைய எண்ணெய் வயலின்மேல் 1990களின் கடைசியில் கட்டத் தொடங்கி, மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருப்பதால் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு அடியில் நிலநடுக்கப் பிளவும் தெரியவந்து, வேறு பெயரில் 2008இல்தான் அது திறந்தது.

மண்ணில் ரசாயனம் பார்க்கும்போது எட்டு இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்பச் சொல்வார்கள், செலவு குறையும் என்று. ஓர் இடத்தில் இருக்கும் விஷம் எட்டில் ஒன்றாக நீர்த்துப்போய் வரம்புக்குள் வந்துவிடும். தனித்தனியாகவே அனுப்புங்கள். பழைய பழத்தோட்டம் என்றால் ஈயமும் ஆர்சனிக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒரு காலத்தில் லெட் ஆர்சனேட்தான் அங்கே பூச்சிமருந்து. பெட்ரோல் பங்க் அல்லது ஒர்க்ஷாப் இருந்த இடம் என்றால் புதைந்த டேங்க்கைத் தேடுங்கள். தரையிலிருந்து காரணமில்லாமல் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது டேங்க்கின் காற்றுக்குழாயாக இருக்கலாம்.

எல்லைக் கல்லோடு பார்வையை நிறுத்தாதீர்கள். வேல்ஸில் ஆபர்ஃபான் ஊர்ப் பள்ளியின் மனையில் எந்தக் குறையும் இல்லை. மேலே மலைச்சரிவில், ஊற்றுகளின்மேல் கொட்டிவைத்த நிலக்கரிக் கழிவு 1966 அக்டோபர் 21 அன்று சரிந்து 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். சரிவில் மேலே என்ன இருக்கிறது, ஓடையில் மேலே எந்த அணை இருக்கிறது, அடியில் எந்தக் குழாய் போகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் ரயில் பாதைக்கு 1,500 அடிக்குள் பள்ளி வரவேண்டுமானால் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்கிறார்கள். 500 கிலோவோல்ட் மின்பாதையிலிருந்து 350 அடி தள்ளியிருக்க வேண்டும். உங்கள் பகுதி விதி வேறாக இருக்கலாம், ஆனால் கேள்வி அதேதான்.

சரிவான நிலம் மலிவாக வரும். 100 மீட்டருக்கு 100 மீட்டர் மனையில் 5 சதவீதச் சரிவு என்றால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஐந்து மீட்டர் வித்தியாசம். அதைச் சமமாக்கவே 6,250 கன மீட்டர் வெட்டிப் போட வேண்டும், தடுப்புச் சுவர் தனி. சக்கர நாற்காலிச் சாய்தளம் 1:12 என்பதால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 12 மீட்டர் நீளம் போய்விடும். பத்திரத்தில் இருக்கும் பரப்பு வேறு, கட்டக்கூடிய பரப்பு வேறு. ஓடை, மின்பாதை, அடுத்தவர் வழிப்பாதை உரிமை எல்லாம் கழித்து சர்வேயர் தரும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தம். இந்தக் குழு கையெழுத்துப் போட்ட தாளில் ‘உள்ளது உள்ளபடி’ என்று இரண்டு சொல் இருந்தது. சேறு வந்த பிறகு விற்றவர் தரப்பு காட்டியது அந்த இரண்டு சொல்லைத்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றை எழுதி வாங்குங்கள்: வாங்குபவர் 60 நாளுக்கு மனைக்குள் போய்த் துளையும் குழியும் போடலாம், கொட்டிய மண்ணோ கழிவோ கண்டால் காரணம் கேட்காமல் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும், மனையில் கொட்டியது, புதைத்தது, தூர்த்தது எல்லாவற்றையும் விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் அகற்றும் செலவு அவருடையது. இதற்குச் சம்மதிக்க யோசிப்பவரின் நிலத்தில் ஜேசிபியை இறக்கச் செலவழிக்கக்கூடத் தேவையில்லை.