கன்னத்தைத் தேய்த்துக் குடி தேடின கதை

தங்கச்சி கனடாவிலிருந்து வரும்போது தாய்வழி டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி இரண்டு கொண்டுவந்தாள். ஒன்று எனக்கு, மற்றது அவளுக்கு. இரண்டுக்கும் 400 டொலருக்கு மேல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு, தாயிடமிருந்து மட்டும் வரும் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏ ஒன்றுதான், ஒருவர் செய்தால் போதும் என்று விற்றவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால் பாதிக்காசு மிஞ்சியிருக்கும். இரண்டு றிப்போட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

வேலை சுகம். சின்னத் தூரிகையால் உள்கன்னத்தை ஒரு நிமிசம் தேய்த்து, குப்பிக்குள் போட்டு மூட வேண்டும். அதற்கு முதல் ஒரு மணித்தியாலம் வாயில் ஒன்றும் போடப்படாது, வெற்றிலையும்தான்.

இரண்டரை மாதத்தில் மறுமொழி: எம்2. தென்னிந்தியாவில் கூடுதலாகக் காணப்படும் பழைய தாய்வழிக் கிளையாம். இந்த டிஎன்ஏயில் மொத்தம் 16,569 எழுத்து. 1981இல் கேம்பிரிட்ஜில் முதன்முதல் வாசித்த வரிசையோடு ஒப்பிட்டு, எங்களுடையது எங்கெங்கே மாறுகிறது என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள். காசுக்குப் பெறுமதி என்றால் அந்தப் பக்கம்தான். வண்ண வண்ண வரைபடமெல்லாம் சும்மா சோடனை.

நான் தேடினது வேறு. மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழிதானே. கொக்கட்டிச்சோலைக் கோயிலில் எந்தக் குடி என்று கேட்டால் அம்மாவின் குடியைத்தான் சொல்லுவோம், ஒரே குடிக்குள் கலியாணமும் இல்லை. படையாண்ட குடியையும் காலிங்கா குடியையும் இது பிரித்துக் காட்டும் என்று நம்பினேன். காட்டாது. இந்த எழுத்துகள் மாற ஆயிரக்கணக்கான வருசம் எடுக்கும்; அந்தக் கணக்கில் எங்கள் குடிகள் நேற்றுப் பிறந்தவை. இரண்டு குடியும் எம்2ஆக இருக்கலாம்.

இன்னொன்று. பத்துத் தலைமுறை பின்னுக்குப் போனால் 1,024 பேருக்கு இடம் இருக்கு, இது அதில் ஒரு பொம்பிளையைப் பற்றி மட்டும் பேசும். அப்பாவைப் பெத்த பெத்தா இந்த றிப்போட்டில் இல்லவே இல்லை. அவவின் மூக்கு என் முகத்தில் இருக்கு!

“அப்ப நானும் எம்2வா?” என்று மகள் கேட்டாள். தெரியாது மகள், உனக்கு அம்மாவுடையதுதான் வரும், குடியைப் போலத்தான் என்றேன். மனுசிக்கும் ஒரு பெட்டி எடுப்பமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் வெற்றிலை இல்லாமல் இருக்கேலாதாம்.