பழைய இழைப்புளிய "ரெஸ்டோர்" பண்ணித் தாறோம்னு சொல்றவன்கிட்ட குடுக்கும் முன்னாடி இத ஒருக்கா வாசிங்க

மக்களே, வீட்டுல பாட்டா காலத்து ஆசாரி சாமான், பலகை இழைக்கிற இழைப்புளி, வாச்சி, உளின்னு ஏதாவது துருப்பிடிச்சுக் கெடந்து, எவனோ ரீல்ஸ்ல அதே மாதிரி ஒண்ண பளபளன்னு ஆக்கிக் காட்டுறத பாத்துட்டு நாமளும் குடுத்துப் பாப்போமான்னு யோசிச்சிட்டு இருந்தீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. நாகர்கோவில் பக்கத்துல ஒருத்தன் என்கிட்ட 2,500 ரூவா பேசி, 1,500 அட்வான்ஸ் ஜிபேல வாங்கி, வெறும் மேல்துரு மட்டும் இருந்த ஒரு நல்ல சாமான கெடுத்து, போதாக்குறைக்கு அதுக்க ஒரிஜினல் பிளேடயும் உருவிட்டுத் தந்திருக்கான். பேரு போடல. 1915-ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்தாச்சு, அது ஓடிட்டு இருக்கு, இப்பவே பேரப் போட்டா நமக்கு மேல திருப்புவான்னு வீட்டுல சொல்லுதாவ, செரின்னு விட்டுட்டேன். ஆனா என்னெல்லாம் பண்ணினாங்கிறத எழுதுதேன், அத வச்சு இந்த மாதிரி வேல எவன் செஞ்சாலும் நீங்க கண்டுபிடிச்சிருவிய.

சாமான் ஸ்டான்லி கம்பெனிக்க அஞ்சாம் நம்பர் இழைப்புளி. 14 இஞ்சு நீளம், 2 இஞ்சு பிளேடு. அம்மைக்க அப்பா, எங்க பாட்டா, தக்கலைப் பக்கம் ஆசாரி வேல பாத்தவரு, செறுப்பத்துல சிலோனுக்குப் போயி அங்கேருந்து செகண்ட் ஹேண்டா வாங்கிட்டு வந்தது. பிளேடு சாஞ்சு உக்காருற மேடை இருக்குல்லா, ஃப்ராக்னு சொல்லுவாங்க, அதுக்குப் பின்னாடி பாடியிலயே மூணு பேட்டன்ட் தேதி வார்த்திருக்கும்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. இந்த மூணும் சேந்து இருந்தா அது 1910-க்கும் 1918-க்கும் இடையில அமெரிக்காவுல செஞ்சதுன்னு அர்த்தம். நூறு வருசத்துக்கு மேல ஆன சாமான். பாட்டா எத்தன வீட்டுக்கு அயினியிலயும் தேக்குலயும் கதவு ஜன்னல் அடிச்சிருப்பாருன்னு கணக்கே கெடையாது, எல்லாம் இத வச்சுதான். அவரு போன பிறகு சாக்குல சுத்தி மச்சுல கெடந்தது. எங்க வீடு கொளச்சல் பக்கம், உப்புக் காத்து ஒரு பக்கம், நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம்கிறது இன்னொரு பக்கம், இரும்பு என்ன பாடு படும்னு உங்களுக்குத் தெரியாததா. ஆனா உடையல, கீறல் இல்ல, பின்பக்க மரக் கைப்பிடி கூட முழுசா இருந்தது.

வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன். "பேடிக்காண்டாம் அண்ணே, மியூசியத்துல வைக்கிற மாதிரி ஆக்கித் தாறேன்"னு வாய்ஸ் நோட்டு. மியூசியத்துக்கு இல்ல தம்பி, எனக்கு இத வச்சு வேல செய்யணும், பார்ட்ஸ் எதையும் மாத்தப்பிடாதுன்னு எழுத்துல அனுப்பிருக்கேன், அதுக்கு அவன் கட்டவிரல் தூக்கிக் காட்டினதும் ஸ்கிரீன்ஷாட்டா இருக்கு. பின்ன வழக்கமான கததான், இன்னா முடிஞ்சிருச்சு, கரண்டு இல்ல, பையனுக்கு காய்ச்சல்னு இழுத்துட்டு ஒரு நாள் குடுத்தான். மீதி 1,000-ஐயும் கையில வாங்கிட்டுதான் கவரப் பிரிச்சான், அது வேற.

பாத்த உடனே எல்லாருக்கும் கொள்ளாம்னுதான் தோணிச்சு. அடிப்பாகம் மொகம் பாக்கலாம், அப்பிடி மின்னுது. பாடிக்கு உள்ள கறுப்பு பெயின்டு, பிளேட மேல இருந்து அமுக்குற லாக்குக்கு தங்கக் கலரு, கைப்பிடிக்கு வார்னிஷ். வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு பலாப் பலகையில ஓட்டினா சீவல் வரல, நாரு நாரா பிச்சிட்டு வருது, பலகை முழுக்க தடதடன்னு அல. பிளேட நல்லா தீட்டிப் போட்டா நாலு இழுப்புக்கு வெட்டுது, பிறகு மழுங்கிருது.

எங்க தெருவுல ஒரு ஆசாரி மாமா உண்டு, அவருகிட்ட கொண்டு போனேன். அவரு கையில வாங்கி மேல பாக்கவே இல்ல, நேரா கவுத்துப் போட்டாரு. ஸ்டீல் ஸ்கேல குத்த வச்சு அடியில நீளவாக்குல வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, "மக்கா, நீயே பாரு"ன்னாரு. நடுவுல மட்டும் ஒட்டியிருக்கு, ரெண்டு முனையிலயும் வெளிச்சம் தெளிவா தெரியுது. அடுக்களையில கிரானைட் மேல வச்சு முனைய விரலால அமுக்கினா தோணி மாதிரி ஆடுது. பெல்ட் கிரைண்டர்ல கையால பிடிச்சு ஓட்டியிருக்கான், அப்பிடி ஓட்டினா முனைங்கதான் கூடுதலா தேயும், நடு மேடா நிக்கும். இழைப்புளிக்கு முன் முனை, பிளேடு வெளிய நீட்டுற வாய்க்கு முன்னால உள்ள விளிம்பு, பின் முனை, இந்த மூணும் ஒரே மட்டத்துல பலகையில படணும், அது போச்சுன்னா எவ்வளவு மின்னினாலும் வெறும் இரும்புக் கட்டிதான். துரு இருந்தப்ப கூட இது மட்டமாத்தான் இருந்தது, பாட்டா கடைசியா இழைச்ச பலகை இப்பவும் வீட்டுல கெடக்கு, கையால தடவினா தெரியும்.

பிறகு கழட்டினோம். ஃப்ராக் உக்காருற எடத்துல இரும்பும் இரும்பும் நேரா தொடணும், அங்கயும் தடிமனா பெயின்டு அடிச்சு விட்டிருக்கான், அதான் பிளேடு நடுங்கி அல அலையா விழுந்திருக்கு. வாயையும் அரம் வச்சு ராவி அகலமாக்கியிருக்கான், எதுக்குன்னு தெய்வத்துக்குத்தான் வெளிச்சம், வாய் சின்னதா இருந்தாத்தான் பிளேடு நாரப் பிய்க்கும் முன்னாடி முன் விளிம்பு பலகைய அமுக்கிப் பிடிக்கும். ஆழம் கூட்டிக் குறைக்கிற பித்தள நட்டுல பிளையர் கடிச்ச தடம். அது இடப்புரி, வழக்கமான நட்டுன்னு நெனச்சு எதிர்ப்பக்கம் திருகி மல்லுக்கட்டியிருக்கான். கைப்பிடி போல்ட்டு அத விட மோசம். ஸ்டான்லிக்காரன் அதுக்குப் போட்ட புரி கடையில கெடைக்கிற எதுக்கும் சேராது, அஞ்சரை எம்எம் கனம், ஒரு இஞ்சுக்கு 20 புரி. அதுல புரி வெட்டுற 6 எம்எம் டேப்ப எறக்கிட்டு கடை போல்ட்ட முடுக்கி வச்சிருக்கான். பழைய போல்ட்டு எங்கன்னு கேட்டா பதில் இல்ல.

இதெல்லாம் வேல தெரியாத்தனம்னு வச்சுக்கலாம். பிளேடு விசயம் அப்பிடி இல்ல.

பாட்டா எல்லா சாமான்லயும் சென்டர் பஞ்ச் வச்சு முக்கோணமா மூணு புள்ளி குத்தி வைப்பாரு, வேல எடத்துல மாறிப் போகப்பிடாதுன்னு. இழைப்புளியில பிளேடுலயும் அதுக்கு மேல உக்காருற தகட்டுலயும், ரெண்டுலயும் உண்டு. இப்ப தகட்டுல மூணு புள்ளியும் இருக்கு. பிளேடுல இல்ல. ஸ்டான்லி முத்திரையும் இல்ல. நான் கேட்டதுக்கு மொதல்ல சொன்னது, "சாண்டிங்ல புள்ளியெல்லாம் போயிரும் அண்ணே." தகட்டுல மட்டும் எப்பிடி போகலன்னு கேட்டேன். அரை மணிக்கூறு கழிச்சு, "பழைய பிளேடு தேஞ்சு போச்சு, உங்களுக்க நல்லதுக்குத்தான் புதுசு போட்டோம்"னு வருது. அப்ப பழசத் தான்னதும் பிளாக் பண்ணிட்டான். மாத்துன பிளேடும் லட்சணமானது இல்ல, நுனியில ஒரு விரக்கடை அகலத்துக்கு நீலம் ஓடிக் கெடக்கு. ஆங்கிள் கிரைண்டர்ல சூடாக்கினதுக்க அடையாளம் அது, கார்பன் ஸ்டீலு 300 டிகிரி பக்கம் போனாலே அந்த நீலம் வரும், வந்தா அந்த எடத்துல கடினம் போயாச்சு. மாமா ஒரு சின்ன அரத்த எடுத்து மூலையில ஒரு இழு இழுத்தாரு, வெண்ணயா இறங்குது. நல்ல பிளேடுன்னா அரம் பிடிக்காம வழுக்கிட்டுப் போகும். பழைய ஸ்டான்லி பிளேட தனியா வாங்குறதுக்கு ஆள் இருக்கு, இவன் எதுக்கு அத எடுத்தான்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

சவத்துக்குப் பிறந்தவன் ஆசிட்லயும் முக்கியிருக்கான்னு பிறகுதான் தெரிஞ்சது. பெயின்டுக்கு அடியில இருந்து ஆரஞ்சு கலர்ல துரு பூத்து வருது, முன்ன இருந்தத விட வேகமா. கக்கூஸ் கழுவுற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டு வார்ப்பிரும்புக்குள்ள எறங்கிச்சுன்னா முழுசா கழுவி எடுக்கிறது பெரும்பாடு, அதுவும் நம்ம கடக்கரக் காத்துல.

மேல்துருவுக்கு இதெல்லாம் தேவையே இல்லங்கிறதுதான் வயித்தெரிச்சல். எல்லாத்தையும் கழட்டி மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி ஒரு ராத்திரி வச்சா இறுகுன ஸ்க்ரூ எல்லாம் இளகும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து இரும்புப் பார்ட்ஸ மட்டும் முக்கி, மணிக்கொருக்கா எடுத்துப் பித்தள பிரஷ்ஷால தேச்சுப் பாத்துட்டே இருந்தாப் போதும், துரு கறுப்பா கரஞ்சு வரும், அளவுக்கு மேல போடக் கூடாது. எடுத்ததும் சோடா உப்புத் தண்ணியில கழுவி, அப்பவே தொடச்சு ஹேர் டிரையரோ வெயிலோ காட்டி, மெஷின் ஆயில் தடவிரணும், டீ குடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்னு விட்டா அதுக்குள்ள மஞ்சப் பூத்துரும். மரக் கைப்பிடியும் பித்தளையும் அந்தத் தண்ணிக்குள்ள போகாண்டாம். அடி மட்டம் பாக்கணும்னா தடிமனான கண்ணாடி மேல 80 நம்பர் எமரி பேப்பர ஒட்டி கையால தேய்க்கணும், அதுவும் பிளேட உள்ள இழுத்து வச்சு லாக்க முறுக்கமா போட்டுட்டுத்தான், லாக்குக்க அழுத்தத்துல பாடி லேசா வளையும், கழட்டி வச்சு தேச்சா மாட்டினதும் மட்டம் மாறிரும்.

குடுத்தே ஆகணும்னா குடுங்க, நல்லா செய்றவங்களும் இருக்காங்க. மரவேலைக்குப் பேர் போன பத்மநாபபுரம் கொட்டாரம், அதான் அரண்மனை, இருக்கிற மாவட்டத்துல மரவேல சாமான் தெரிஞ்ச ஆளுக்குப் பஞ்சமா. ஆனா ஒவ்வொரு பார்ட்டையும், பிளேடு முத்திரையோட சேத்து, ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்துட்டுக் குடுங்க. எத வச்சு துரு எடுப்ப, அடிய எதுல மட்டம் பண்ணுவன்னு கேளுங்க, "மெஷின்ல"ன்னு சொன்னான்னா சாமான தூக்கிட்டு வந்திருங்க. திருப்பி வாங்கும்போது ஸ்கேலும் ஒரு துண்டுப் பலகையும் கொண்டு போயி, அவன் முன்னாடியே ரெண்டு சீவல் எடுத்துப் பாத்த பிறகுதான் மீதிப் பைசா. கைப்பட எழுதுன துண்டுச் சீட்டா இருந்தாலும் பில்லு வாங்குங்க. எனக்குப் பில்லு தரல, ஜிபே விவரமும் வாட்ஸ்அப் சாட்டும்தான் கையில இருக்கு. 1915-ல சரியாகலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கேன், 5 லட்சம் வரைக்கும் உள்ள கேஸுக்கு அங்க ஃபீஸ் கெடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டாப் போதும்.

இழைப்புளிக்க அடிய மாமா கண்ணாடியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா எறக்கிட்டு இருக்காரு, முழுசா வராது, பாதிக்குப் பாதி சரியாகும்ங்காரு. எனக்கு வேண்டியது அந்தப் பிளேடு. 2 இஞ்சு அகலம், மேல ஸ்டான்லி முத்திரை, அதுக்குக் கீழ முக்கோணமா மூணு புள்ளி, இடது புள்ளி மத்த ரெண்டையும் விட ஆழம். நம்ம பக்கத்துலயோ திருவனந்தபுரத்துலயோ பழைய சாமான் வாங்கி விக்கிறவங்க கண்ணுல இது பட்டா ஒரு மெசேஜ் போடுங்க, நீங்க என்ன விலைக்கு வாங்குனியளோ அத நான் தந்துருதேன்.