பள்ளியில் ஓராண்டு இதழியல் வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்புரை

கலிஃபோர்னியாவில் ஓர் அரசுப் பள்ளியில் படிக்கும் என் மகள், சென்ற கல்வியாண்டில் இதழியலை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டாள். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சிக்கு இட்ட இன்னொரு பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன். முதல் பருவம் முடிவதற்குள் அந்த எண்ணம் மாறியது. இங்கே எழுதுவதைவிட விசாரிப்பதற்கே அதிக நேரம் செலவாகிறது.

வகுப்பின் தரத்தை ஒரு செய்தியைக் கொண்டே சொல்லிவிடலாம். அம்மாநில அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் எல்லா மாணவர்களுக்கும் காலையுணவும் மதிய உணவும் இலவசம். அந்த உணவு வீணாவதைப் பற்றி எழுதிய மகள், “பெரும்பாலான மாணவர்கள் பாலைத் திறக்காமலே எறிகிறார்கள்” என்று தொடங்கியிருந்தாள். ஆசிரியர் “பெரும்பாலான” என்ற சொல்லை வட்டமிட்டு, “எண்ணியவர் யார்?” என்று மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவளும் தோழியும் மூன்று நாள் குப்பைத் தொட்டியருகே நின்று 212 தட்டுகளை எண்ணியதில், 61 தட்டுகளில்தான் பால் திறக்கப்படாமல் இருந்தது. அதன்பின் உணவுக்கூடப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றுப் பேட்டியைப் பதிவு செய்தார்கள். தனிப்பட்ட உரையாடலை மற்றவர் ஒப்புதலின்றிப் பதிவு செய்வது அங்கே குற்றம் என்பது தொடக்க வாரங்களிலேயே சொல்லித்தரப்படுகிறது. கூட்டாட்சி விதிப்படி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மதிய உணவின் ஐந்து வகைகளில் மூன்றை எடுத்தால் போதும், அவற்றுள் பழமோ காய்கறியோ இருக்க வேண்டுமே தவிர பால் கட்டாயமில்லை என்று அந்தப் பொறுப்பாளர் சொன்னார். அதை அறியாமல்தான் பலர் பாலை எடுத்து எறிந்துகொண்டிருந்தார்கள். செய்தியின் முதல் வரியே மாறிப்போயிற்று.

சட்டப் பாடமும் எனக்குப் பிடித்திருந்தது. மிசௌரியில் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியின் முதல்வர் 1983இல் மாணவர் இதழின் இரண்டு பக்கங்களை நீக்கியதும், 1988இல் உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றதும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. அத்தீர்ப்புக்கு முன்பே, 1977இல், கலிஃபோர்னியா மாணவர் இதழ்களுக்குத் தனிப் பாதுகாப்பு தந்துவிட்டது. அவதூறு, ஆபாசம், வன்செயலுக்குத் தூண்டுதல் போன்றவற்றைத் தவிர மற்றவற்றில் பள்ளி முதல்வர் கைவைக்க முடியாது. கான்சஸ் மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் 2017இல் புதிதாக நியமிக்கப்பட்ட பள்ளி முதல்வரின் கல்வித் தகுதியை மாணவர் இதழே துருவி ஆராய்ந்ததையும், அதையடுத்து அவர் பதவி விலகியதையும் மகள் சாப்பாட்டு மேசையில் விவரித்தபோது, எங்கள் வீட்டு நிர்வாகமும் சற்றுக் கலங்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. எத்தனை செய்திகள் எழுதினார்கள் என்று பார்த்து மதிப்பெண் தருவதால், மூன்று நாள் குப்பைத் தொட்டியருகே நின்றவளும், குறுஞ்செய்தியில் இரண்டு கேள்வி கேட்டுப் பேட்டி என்று எழுதியவனும் ஒரே நிலையில் வைக்கப்படுகிறார்கள். அச்சுச் செலவுக்கு மாணவர்களே விளம்பரம் திரட்ட வேண்டும். நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் கடையிடம் மகள் விளம்பரம் கேட்டாள். நாளை அந்தக் கடையைப் பற்றிய புகார் வந்தால் எழுதுவது யார் என்ற கேள்விக்கு வகுப்பில் ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை. பள்ளியின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும் பயிற்சியும் இல்லை.

கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்வதற்காக மட்டும் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் இரவு எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் காத்திருக்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.