கிளட்ச் மாத்தப் போயி செல்ஃப் போன கதை

மூணு வாரம் லீவுல கத்தார்லேர்ந்து கடலூர் வந்தேன், அதுல முழுசா ஒரு வாரம் அப்பாவோட பழைய மாருதி பின்னாடியே போச்சு. கிளட்ச் ஸ்லிப் ஆவுதுன்னு போன்லயே புலம்பிட்டு இருந்தாரு, சரின்னு வந்த ரெண்டாம் நாளே ஊருக்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், கியர்பாக்ஸ இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் மாத்தி மறுநாள் சாயங்காலமே குடுத்துட்டாங்க. பழைய பிளேட்ட கூட பையில போட்டு கையில குடுத்தாங்க.

அடுத்த நாள் அப்பாவ கண்ணு காட்ட பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவணும். காலையில செல்ஃப் கொஞ்சம் இழுத்து இழுத்துதான் எடுத்துச்சு, பேட்டரி டல்லா இருக்கு போலன்னு கண்டுக்காம விட்டுட்டேன். ஜிப்மர் முடிச்சு முத்தியால்பேட்டையில அத்தை வீட்டுக்குப் போயிட்டு திரும்பறதுக்குள்ள இருட்டிடுச்சு, வழி முழுக்க ஹெட்லைட் மங்கலாவே எரியுது. நம்மூர்ல விட பெட்ரோல் கம்மின்னு எல்லாரும் பண்ற மாதிரி பாண்டி எல்லைக்குள்ள இருக்கற கன்னியக்கோவில் பங்க்ல ரொப்பிட்டு சாவிய திருப்பினா "கடக்"னு ஒரே ஒரு சத்தம், மீட்டர் போர்டு லைட்டெல்லாம் அணைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி நேரத்துல கடலூர்க்காரங்க பார்டர் தாண்டி அங்க எதுக்கு வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும், அப்படி வந்த ரெண்டு பேருதான் தள்ளி விட்டாங்க, செகண்ட் கியர்ல கிளட்ச்ச விட்டதும் பிடிச்சிக்கிச்சு. புது கிளட்ச் இல்லியா, ஜம்முனு பிடிச்சுது.

ஒர்க்‌ஷாப்ல கேட்டா "பேட்டரி போச்சு சார்"ன்னாரு ஓனர். வாங்கி ஒண்ணரை வருஷம்தான் ஆவுது, வாரண்டி இருக்கு, பேட்டரி கடையில குடுத்தா ராத்திரி சார்ஜ் போட்டு லோடு டெஸ்ட் பண்ணி நல்லா இருக்குன்னுட்டாங்க. உடனே ஒர்க்‌ஷாப் ஓனர் "அப்ப டைனமோவா இருக்கும்"ன்னாரு. ரெண்டுத்துக்கும் சேத்து 15,000 கிட்ட சொன்னாரு. அவர குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, நம்மூர்ல மெக்கானிக் வேற, எலெக்ட்ரீஷியன் வேற, டிங்கர் வேற, ஏசி வேற, ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் தொட மாட்டாங்க. ஆனா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?

மச்சான்தான் திருப்பாப்புலியூர்ல ஒரு வயசான எலெக்ட்ரீஷியன்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. பானெட்ட தொறக்கறதுக்கு முன்னாடியே "கடைசியா வண்டியில இன்னா வேல பாத்த தம்பி?"ன்னாரு. கிளட்ச்னு சொன்னதும் சிரிச்சாரு. என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு, நிறுத்தினதும் "இங்க வா, இத தொட்டுப் பாரு"ன்னாரு. கிளட்ச் கேபிள். சுடுது! செல்ஃப் மோட்டார் இழுக்கற கரண்டு அவ்வளவும் பேட்டரி மைனஸுக்கு திரும்பிப் போவணும், அதுக்கு கியர்பாக்ஸ்ல ஒரு தடி எர்த் வயர் இருக்கு, அது சரியா உக்காரலன்னா கரண்டு கெடச்ச இரும்ப புடிச்சிக்கிட்டு போவும், அதான் கேபிள் சூடுன்னு சொன்னாரு.

அப்புறம்தான் மீட்டர எடுத்தாரு. சும்மா இருக்கறப்ப பேட்டரியில 12.5 வோல்ட், அதுல கோளாறே இல்ல. ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன இன்ஜின் போல்ட்லயும் வெச்சு செல்ஃப் அடிச்சா 3.2 காட்டுது, "இது அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்"ன்னாரு. ஒரு ஜம்ப்பர் வயர எடுத்து மைனஸுக்கும் இன்ஜினுக்கும் குடுத்தாரு, அவ்ளோதான், ஒரே சுத்துல ஸ்டார்ட்.

கீழ படுத்துப் பாத்தா அந்த எர்த் போல்ட்ட கையாலயே சுத்தி விட்டுட்டு ஸ்பேனரே போடல, வயர் முனை வேற பச்சை பூத்து கெடக்கு, உப்புக்காத்து ஊரு இல்லியா. உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு, டைட் பண்ணி, மேல கிரீஸ் தடவினாரு. முன்னாடி ஹெட்லைட் போட்டு ஓட விட்டா பேட்டரியில 12.9 தான் இருந்துச்சு, இப்ப 14.1. டைனமோவுக்கும் எர்த் இன்ஜின் பாடி வழியாதானே, அதான் இத்தன நாளா சார்ஜும் ஒழுங்கா ஏறல. 200 ரூவா வாங்கினாரு. கத்தார்ல இதுக்கு ஸ்கேனர் சொருகறதுக்கே தனி பில்லு, அந்த ஸ்கேனரும் இந்த போல்ட்ட காட்டியிருக்குமான்னு சந்தேகம்தான்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்ல போயி சொன்னேன். ஓனர் வேலை பாத்த பையன கூப்ட்டு நாலு திட்டு திட்டிட்டு எனக்கு டீ சொன்னாரு, டைனமோ பத்தி மூச்சு விடல. அப்பா என்னடான்னா அடுத்த ஆயில் சர்வீஸ் எப்ப விடலாம்னு அவர்கிட்டயே கேட்டுட்டு இருக்காரு.