பசுமை கான்கிரீட்: எந்தக் கணினி மாதிரியை நம்பலாம்?

சிமென்ட் ஆலை விடும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை. சூட்டில் சுண்ணாம்புக்கல்லே உடைந்து அதை வெளிவிடுகிறது. அதனால் சூளைக்கு எந்த எரிபொருள் போட்டாலும் பாதிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும் கட்டியான கிளிங்கரின் அளவைச் சிமென்டில் குறைத்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு புதுக் கலவைக்கும் 150 மி.மீ. கான்கிரீட் கியூப் (கனசதுரம்) வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டுப் பொருட்களை மாற்றி மாற்றிப் போட்டால் இதற்கு முடிவே கிடையாது. அதனால்தான் கணினியிடம் போகிறார்கள்.

முதல் வழி வெப்ப இயக்கவியல் கணக்கு. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்திலிருந்து வந்த ஜெம்ஸ் மென்பொருள் இதில் பேர்போனது, இலவசமும் கூட. சிமென்ட் இவ்வளவு, களிமண் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று கொடுத்தால், கடைசியில் எந்தெந்தச் சேர்மங்கள் எவ்வளவு உருவாகும் என்று சொல்லிவிடும். சுண்ணாம்புக்கல் பொடியைச் சும்மா இடத்தை அடைக்கும் சரக்காக நினைத்தவர்கள் நிறையப் பேர். அது அலுமினாவோடு சேர்ந்து கார்போஅலுமினேட் ஆகிறது, எட்ரிங்கைட் என்ற இன்னொரு சேர்மம் சிதையாமல் நிற்கிறது, அதனால் திடப்பொருளின் கன அளவு கூடித் துளைகள் குறைகின்றன என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டியது.

கிளிங்கரைப் பாதியாகக் குறைத்த எல்சி3 என்ற சிமென்டின் அடிப்படையும் இதே வேதியியல்தான். 50% கிளிங்கர், 30% சுட்ட களிமண், 15% சுண்ணாம்புக்கல், 5% ஜிப்சம். களிமண் அலுமினா கொடுக்கிறது, கல் கார்பனேட் கொடுக்கிறது. கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கியூபா ஆய்வாளர்கள், சென்னை, டெல்லி ஐஐடிகள் சேர்ந்து வளர்த்தது இது.

சரி, குறை? என்ன உருவாகும் என்று சொல்லும் கணக்கு, எப்போது உருவாகும் என்று தானாகச் சொல்லாது. ஷட்டரிங்கை எத்தனையாவது நாள் பிரிக்கலாம் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அந்தக் கேள்விக்கு இரண்டாவது வழியான, பழைய சோதனை முடிவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங்தான் தோதானது. தைவானின் ஐ-செங் யே திரட்டிய 1,030 வலிமைச் சோதனை முடிவுகள் கொண்ட அட்டவணைதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. ஏழு பொருட்களின் அளவு, எத்தனை நாள் வயது, கிடைத்த வலிமை: அவ்வளவுதான் அதில் இருக்கிறது. மெட்டா நிறுவனமும் இல்லினாய் பல்கலைக்கழகமும் இந்த வழியில் கார்பனை ஏறத்தாழ 40% குறைக்கும் கலவையைக் கண்டுபிடித்து, அமெரிக்காவின் டீகால்ப் நகரிலுள்ள மெட்டாவின் டேட்டா சென்டரில் போட்டுப் பார்த்தன. வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் அந்த அட்டவணையில் 'ஃப்ளை ஆஷ்' (அனல்மின் நிலையச் சாம்பல்) என்று ஒரே ஒரு பத்திதான் (நெடுவரிசை) உண்டு. நம்மூரில் நெய்வேலிச் சாம்பல் லிக்னைட்டிலிருந்து வருவது, சுண்ணாம்புச் சத்து அதிகம். மேட்டூர்ச் சாம்பல் நிலக்கரியிலிருந்து வருவது, சிலிக்கா அதிகம். இரண்டும் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதமே வேறு. எண் ஒன்றாக இருந்தால் மாதிரிக்கு இரண்டும் ஒன்றுதான். சுட்ட களிமண்ணுக்கோ பத்தியே இல்லை. பார்க்காத பொருளைப் பற்றி அது சொல்லும் பதிலும் அதே தோரணையில்தான் வரும் என்பதுதான் ஆபத்து.

மூன்றாவது, அணு அளவில் செய்யும் மூலக்கூறு உருவகப்படுத்தல். சிமென்டின் பசையான கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டுக்கு 2009-இல் எம்ஐடி குழு ஒரு நல்ல மாதிரி கொடுத்தது. சில நானோமீட்டர் துண்டைத்தான் அது பார்க்கும். ஆய்வேட்டுக்கு அருமை, கலவை போடுகிறவருக்கு இப்போதைக்கு அதனால் பயன் இல்லை.

என் கட்சி இதுதான்: பொருளே புதிது என்றால் முதலில் ஜெம்ஸ். வேதியியல் ஒத்துவராத கலவைகளை உட்கார்ந்த இடத்திலேயே கழித்துவிடலாம். பழகிய சரக்கில் சிமென்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மெஷின் லேர்னிங், அதுவும் தைவான் தரவை வைத்து அல்ல. ஓரளவு ஓடிய எந்த ரெடிமிக்ஸ் பிளான்ட்டிலும் கியூப் ரெஜிஸ்டர் இருக்கும். அதைக் கணினியில் ஏற்றினாலே போதும். சாம்பல் எந்த அனல்மின் நிலையத்திலிருந்து வந்தது என்று ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் மாதிரியை ஓட்டுங்கள்.